மெயிலைத் தொலைத்துவிட்டு ஓப்பன் சோர்ஸைக் கை காட்டாதீர்கள்

மின்னஞ்சல் சேவை விற்கும் வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அவர்களுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவர் தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தார். சர்வரில் குப்பை மெயிலைப் பிரிக்கும் ஸ்பேம் ஃபில்டர் ஓப்பன் சோர்ஸாம், அதாவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நிரலோடு வெளியிட்ட மென்பொருளாம், அதனால் மெயில் காணாமல் போனாலோ குப்பை மெயில் உள்ளே வந்தாலோ நிறுவனம் பொறுப்பேற்காதாம், நல்ல ஃபில்டர் வேண்டுமென்றால் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் மாதாமாதம் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் இதே பதிலை வேறு வேறு நிறுவனங்களின் சப்போர்ட் டிக்கெட்டுகளில் வேறு வேறு வார்த்தைகளில் வாங்கியிருக்கிறேன். இது ஒருவரோடு நிற்கிற வியாதி இல்லை.

நான் திருப்பூரில் சில சின்ன நிறுவனங்களுக்கு மெயில், வெப்சைட், கணினி எல்லாம் பார்த்துக்கொடுக்கிறவன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகள், ஓரிரு நூல் வியாபாரிகள், அப்புறம் ஒரு தமிழ்ச் சிற்றிதழ். இவர்களில் யாருக்கும் சொந்தமாக மெயில் சர்வர் வைக்கிற வசதி கிடையாது. கம்பெனி பெயரில் ஒரு டொமைன், அதில் பத்துப் பதினைந்து மெயில் ஐடி, வருடத்துக்கு ஒரு தொகை, இவ்வளவுதான் கணக்கு. அந்தத் தொகை குறைவு என்பது எனக்கும் தெரியும். குறைவு என்று தெரிந்துதானே நீங்கள் விலை வைத்தீர்கள்? விளம்பரத்தில் "ஸ்பேம் பாதுகாப்புடன்" என்று போட்டதும் நீங்கள்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்கு ஐரோப்பாவில் இருக்கும் பையர் ஒருவர், ஆர்டரில் அளவுப் பட்டியலை மாற்றி மெயில் அனுப்பியிருக்கிறார். இங்கே வரவில்லை. இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் ஃபோல்டரிலும் இல்லை. அவர் பக்கம் கேட்டால், உங்கள் சர்வர் மெயிலை ஏற்றுக்கொண்டு 250 என்று பதில் சொன்னதற்கு அவருடைய ஐடி ஆட்கள் லாக், அதாவது சர்வர் பதிவு, எடுத்து அனுப்பினார்கள். அதாவது "கிடைத்தது" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய்த் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அனுப்பியவருக்கும் தகவல் இல்லை, பெற வேண்டியவருக்கும் தகவல் இல்லை. பழைய அளவிலேயே துணி வெட்டியாகிவிட்டது. நஷ்டம் எவ்வளவு என்று இங்கே எழுதினால் அந்த முதலாளிக்குத் தர்மசங்கடம், அதனால் விடுகிறேன்.

அதே சர்வரில், அதே காலத்தில், நூல் மில்லின் பெயரில் வந்த ஒரு போலி மெயில் சுத்தமாக உள்ளே வந்தது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள்" என்று. அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா சந்தேகப்பட்டு மில்லுக்கு போன் போட்டதால் தப்பித்தோம். உங்கள் ஃபில்டர் அந்த மெயிலுக்குப் போட்ட மதிப்பெண் 0.8. ஸ்பேம் என்று முத்திரை குத்த 5 வேண்டும்.

டிக்கெட் போட்டேன். "ஸ்பேம் அசாசின்தான் மெயிலை நீக்கியிருக்கும், அது ஓப்பன் சோர்ஸ், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று பதில்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் ஃபில்டரான ஸ்பேம் அசாசின் எந்த மெயிலையும் நீக்காது. நீக்கும் வேலையே அதற்குக் கிடையாது. அது மெயிலைப் படித்து, நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் கூட்டியோ குறைத்தோ மதிப்பெண் போட்டு, ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்புப் பகுதியில், எழுதி உங்களிடமே திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஸ்பேம் ஃபோல்டரில் போடுவதா, வாசலிலேயே மறுத்துத் திருப்பி அனுப்புவதா, சத்தமில்லாமல் அழிப்பதா என்று முடிவு செய்வது உங்கள் அமைப்பு. அழிக்கச் சொல்லி அமைத்தது உங்கள் ஆள். 2001-இல் ஜஸ்டின் மேசன் என்ற ஒருவர் பெர்ல் மொழியில் எழுதி ஊருக்குக் கொடுத்து, 2004 முதல் அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையின் கீழ்த் தன்னார்வலர்கள் பராமரித்து வருகிற ஒரு மென்பொருளின் தலையில் உங்கள் முடிவைக் கட்டாதீர்கள்.

சரி, அந்த மென்பொருளையாவது ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா? வந்து சேர்ந்த மெயில்களின் ஹெடரைத் திறந்து பார்த்தேன். இதற்கு ஹேக்கிங் எல்லாம் தேவையில்லை, ஒவ்வொரு மெயிலிலும் நீங்களே எழுதி அனுப்புகிறீர்கள்: ஸ்பேம் அசாசின் 3.4.0, பக்கத்திலேயே தேதி, 2014-02-07. பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பு. அதற்குப் பிறகு 2015-இல் 3.4.1 வந்தது, 2018-இல் 3.4.2 வந்தது, 2022 டிசம்பரில் 4.0 வந்தது. 3.4.0 என்பது சென்ட்ஓஎஸ் 7 என்ற சர்வர் இயங்குதளத்தில் கிடைத்த பதிப்பு, அந்தச் சென்ட்ஓஎஸ் 7-க்கே 2024 ஜூன் 30-ஆம் தேதி ஆதரவு முடிந்துவிட்டது. ஆக, ஃபில்டர் மட்டுமல்ல, அது உட்கார்ந்திருக்கிற தரையே காலாவதி என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பழைய பதிப்பு ஓடுகிறதே, ஓடட்டுமே என்று உங்கள் பொறியாளர் ஒருவர் போனில் சொன்னார். ஸ்பேம் ஃபில்டருக்கு அந்த நியாயம் செல்லாது. அதன் உயிர் விதிகளில் இருக்கிறது, விதிகள் தினமும் மாற வேண்டியவை. 2020 மார்ச் 1 முதல் கோப்பு அசல்தானா என்று சரிபார்க்க உதவும் பழைய ஷா-1 கையொப்பத்தோடு விதிகளை வெளியிடுவதை நிறுத்தப் போகிறோம், 3.4.2-க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கடைசியாக வாங்கிய விதிகளோடு அப்படியே நின்றுவிடுவீர்கள் என்று அந்தத் திட்டத்தார் முன்கூட்டியே அறிவித்தார்கள். நீங்கள் அதைப் படித்தீர்களா? படித்ததற்கான அறிகுறி எதுவும் ஹெடரில் இல்லை.

விதி பழசானால் என்ன ஆகும் என்பதற்கு 2010 புத்தாண்டை நினைவுபடுத்துகிறேன். அனுப்பிய தேதி ரொம்ப தூர எதிர்காலத்தில் இருந்தால் சந்தேகப்படு என்று ஒரு விதி. அதை எழுதியவர் 2010 முதலான எல்லா வருடங்களையும் "தூர எதிர்காலம்" என்று வைத்துவிட்டார். ஜனவரி 1 விடிந்ததும் உலகத்தில் வந்த நல்ல மெயில்களுக்கெல்லாம் சுமார் மூன்று மதிப்பெண் சும்மா ஏறியது. ஐந்துக்கு மூன்று வாசலிலேயே போச்சு என்றால் மீதி எவ்வளவு நேரம்? தவறு திட்டத்தாருடையதுதான், மறுக்கவில்லை. வளர்ச்சியில் இருந்த அடுத்த பதிப்பில் திருத்தியும், புழக்கத்தில் இருந்த பதிப்புக்கு அனுப்பாமல் விட்டிருந்தார்கள். ஆனால் விஷயம் தெரிந்த அன்றைக்கே திருத்தம் வந்துவிட்டது. விதிகளைத் தானாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு வைத்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பிளாக் லிஸ்ட் விஷயம் இதைவிட மோசம். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் பட்டியலை யாரோ எங்கேயோ பராமரிக்கிறார்கள், உங்கள் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் அங்கே கேட்டுக்கொண்டு முடிவெடுக்கிறது. அந்த யாரோ கடையை மூடிவிட்டால்? ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் சர்வர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2008 மார்ச்சில் கேட்கிற எல்லா முகவரிக்கும் "ஆமாம், இவன் ஸ்பேமன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். அமைப்பில் அந்த ஒரு வரியை நீக்காமல் விட்டவர்களுக்கு அன்றைக்கு மெயிலே வரவில்லை. 2021 ஜனவரி 31-ஆம் தேதி ஸ்பேம்காப் என்ற இன்னொரு பட்டியல் தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்ததில் இதே கூத்து. இத்தனைக்கும் அதற்குப் பின்னால் இருந்தது சிஸ்கோ என்ற பெரிய நிறுவனம். 2024 ஜூனில் சோர்ப்ஸ் என்ற பட்டியலும் மூடப்பட்டது. இப்போது கேட்கிறேன், உங்கள் அமைப்பில் இன்னும் எத்தனை செத்த பட்டியல்கள் இருக்கின்றன? யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

உயிரோடு இருக்கும் பட்டியல்களையும் நீங்கள் ஒழுங்காகக் கேட்பதில்லை. எங்கள் மெயில் ஹெடர்களில் யுஆர்ஐபிஎல் பட்டியலிலிருந்து வந்த ஒரு வரி இருக்கிறது: "நிர்வாகிக்கு அறிவிப்பு, உங்கள் கேள்வி தடுக்கப்பட்டது." சர்வருக்குச் சொந்தமாக டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை, வைக்காமல் கூகுளின் 8.8.8.8 என்ற பொதுச் சேவை வழியாகக் கேட்டால் இப்படித்தான் வரும், ஏனென்றால் உலகத்தில் பாதிப் பேர் அதே வழியாகக் கேட்பதால் இலவச அளவு எப்போதோ தாண்டியிருக்கும். சொந்தமாக ஒரு டிஎன்எஸ் ரிசால்வர் நிறுவுவது அரை மணி நேர வேலை. நிர்வாகிக்கு என்று தலைப்புப் போட்ட அந்த அறிவிப்பை நான் படித்துவிட்டேன், சிற்றிதழ் ஆசிரியர் படித்துவிட்டார், பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் பையன்கூட இது என்ன அண்ணா என்று கேட்டுவிட்டான். நிர்வாகி மட்டும் படிக்கவில்லை. ஸ்பேம்ஹவுஸ் பட்டியலுக்கும் இதேபோல விதி உண்டு. இலவசம் என்பது வியாபாரமல்லாத, சிறிய பயன்பாட்டுக்கு. ஆயிரக்கணக்கான டொமைன்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு மெயில் நடத்துகிற நீங்கள் அந்த வகையில் வர மாட்டீர்கள். சந்தா கட்ட வேண்டியவர்கள்.

தமிழ் மெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிற்றிதழுக்குக் கவிதையும் கட்டுரையும் மெயிலில்தான் வருகின்றன. அவற்றில் கணிசமானவை ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். ஆசிரியர் தினமும் அங்கே போய்ப் பொறுக்கி எடுத்து "இது ஸ்பேம் இல்லை" என்று குறித்துக்கொண்டே இருந்தார், ஃபில்டர் கற்றுக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னதை நம்பி. அது சரியாகக் கற்றுக்கொள்ளாது. ஏன் என்று நிரலைத் திறந்து பார்த்தேன், திறந்து பார்க்க முடிவதுதானே ஓப்பன் சோர்ஸின் அழகு. ஸ்பேம் அசாசினின் பேயஸ் பகுதி மெயிலைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் நல்ல மெயிலில் வருகிறது, எது ஸ்பேமில் வருகிறது என்று எண்ணி வைத்துக் கற்கும். பழைய பதிப்பு அந்தப் பிரிக்கும் வேலையை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். அந்த மூன்றில் 161-க்குக் குறைவான மதிப்புள்ள பைட்டை அது எழுத்தாகவே எண்ணாது, வெற்றிடமாக மாற்றிவிடும். க, ச, ட மூன்றிலும் கடைசி பைட் அந்த ரகம். புள்ளியும் அந்த ரகம். உகரக் குறியும் அந்த ரகம். புள்ளி இல்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதிப் பாருங்கள்! ஒவ்வொரு புள்ளியிலும் சொல்லை உடைத்து, மிச்சமிருக்கும் துண்டுகளை வைத்துக்கொண்டு அது என்னத்தைக் கற்கும்? அடுத்தடுத்த பதிப்புகளில் யூனிகோடு எழுத்துகளை உடைக்காமல் கையாளும்படி திருத்திவிட்டார்கள். எங்கோ வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும், தமிழ் தெரியாத தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்த திருத்தம் அது. அதை நிறுவ வேண்டியவர்கள் தமிழ்நாட்டில் அலுவலகம் வைத்துத் தமிழ் வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கும் நீங்கள்.

அதனால்தான் "ஓப்பன் சோர்ஸ் அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. கோயில் அன்னதானச் சோற்றைப் பொட்டலம் கட்டி விலைக்கு விற்றுவிட்டு, ஊசிப்போனதென்று வாங்கியவன் கேட்டால் கோயிலைக் கை காட்டுகிற கதையாக இருக்கிறது இது. உரிமத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை என்று எழுதியிருப்பது உண்மைதான். அது எழுதியவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் இடையிலான பேச்சு. எடுத்தவர் நீங்கள். எனக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது பில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியாயமாக. இந்தக் கருவிகளில் சில உண்மையிலேயே கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. டிஸ்பேம் என்ற ஃபில்டர் 2012-க்குப் பிறகு புதிய பதிப்பே பார்க்கவில்லை, அதையும் சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள். ஸ்பேம் அசாசினிலேயே 3.4.1-க்கும் 3.4.2-க்கும் நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தது. ஆள் பற்றாக்குறை தவிர வேறென்ன? உலகம் முழுக்க ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதை வைத்துச் சம்பாதிக்கும்போது, கை கொடுக்க வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பணம் கட்டி வாங்கும் ஃபில்டருக்கு மாறினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று உங்கள் அறிவிப்பு சொல்வது போலவும் இல்லை. பாராகுடா என்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த மெயில் பாதுகாப்புப் பெட்டியை இரண்டு முறை உடைத்தது 2023-இல் தெரியவந்தது. முதல் முறை, பாதிக்கப்பட்ட பெட்டிகளையே தூக்கிப் போட்டு மாற்றுங்கள் என்று நிறுவனமே சொன்னது. டிசம்பரில் தெரியவந்த இரண்டாவது, உள்ளே ஓடிய அமாவிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி எக்செல் கோப்புகளைப் படிக்கப் பயன்படுத்திய ஒரு சின்ன பெர்ல் நிரலகத்தில் இருந்த ஓட்டை வழியாக. பல வருடங்களாகப் புதிய பதிப்பு வராத நிரலகம் அது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளும் அதே இலவசக் கருவிதான், அதே கவனிப்பின்மைதான். ஆகவே நீங்கள் இப்போது விற்கப் பார்க்கும் "மேம்பட்ட" ஃபில்டருக்குள் என்ன ஓடுகிறது, அதை யார் புதுப்பிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

கடைசியாக லாக். அந்த ஐரோப்பிய பையரின் மெயில் என்ன ஆனது என்று கேட்டதற்கு, ஒரு வாரத்துக்கு மேல் லாக் வைப்பதில்லை என்று எழுதினீர்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. சேவை வழங்குவோர், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள் எல்லாரையும் சேர்த்துத்தான். இது ஓப்பன் சோர்ஸ் பிரச்சினை என்று சொல்ல வழியில்லை.

நான் கேட்பது இவைதான். மெயிலை ஏற்றுக்கொண்ட பிறகு சத்தமில்லாமல் அழிக்கும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். சந்தேகம் என்றால் ஸ்பேம் ஃபோல்டரில் போடுங்கள், வேண்டவே வேண்டாம் என்றால் வாசலிலேயே 550 என்று மறுத்துவிடுங்கள், அனுப்பியவருக்காவது தெரியட்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, அமைப்பை மாற்றினால் போதும்.

அடுத்து, உங்கள் சர்வரில் என்ன ஃபில்டர், எந்தப் பதிப்பு, விதிகள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன, எந்தெந்தப் பிளாக் லிஸ்ட்டுகளைக் கேட்கிறீர்கள் என்பதை வாடிக்கையாளர் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் போடுங்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் இருக்கும் மெயில் சர்வர்களை எந்த மாதத்துக்குள் மாற்றுவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். ஸ்பேம் அசாசின் 4-க்குப் போவதோ, சுறுசுறுப்பாகப் பராமரிக்கப்படும் ஆர்ஸ்பேம்டி என்ற ஃபில்டருக்கு மாறுவதோ உங்கள் விருப்பம், 2014-இல் நிற்பது மட்டும் வேண்டாம். மாற்றிய பிறகு தமிழ் மெயில்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். மாதிரிக்கு மெயில் வேண்டுமென்றால், எழுதியவர்களிடம் அனுமதி வாங்கி நானே தருகிறேன்.

மெயில் லாகை 180 நாட்கள் வையுங்கள், தன் டொமைனின் மெயில் என்ன ஆனது என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அந்த வரியை எடுத்துக் கொடுங்கள். வணிகப் பயன்பாட்டுக்குச் சந்தா கேட்கும் பட்டியல்களுக்குச் சந்தா கட்டுங்கள். புதிய கட்டணத்தில் ஒரு பங்கையாவது, இல்லையென்றால் உங்கள் பொறியாளர் ஒருவரின் வாரத்தில் சில மணி நேரத்தையாவது, நீங்கள் பயன்படுத்தும் திட்டத்துக்கே கொடுங்கள். பிழை கண்டால் புகார் எழுதுவதும், தமிழில் வரும் ஸ்பேமுக்கு விதி எழுதிக் கொடுப்பதும்கூட உதவிதான். ஓப்பன் சோர்ஸ் என்பதால் பொறுப்பல்ல என்ற அந்த அறிவிப்பை எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

எங்கள் டொமைன்களின் புதுப்பிப்பு மார்ச்சில் வருகிறது. அதற்குள் இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று டிக்கெட்டிலேயே பதில் போடுங்கள். மார்ச்சில் எங்கே பணம் கட்டுவது என்பதை அந்தப் பதிலைப் பார்த்துத்தான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
சில சின்னக் கம்பெனிகளின் மெயிலைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்,
திருப்பூர்